உயிர்ச்சேதம் இல்லை என்று எழுதிய பிறகு

2024 அக்டோபர் 11 இரவு, திருவள்ளூர் மாவட்டம் கவரைப்பேட்டையில், மைசூரிலிருந்து தர்பங்காவுக்குச் சென்றுகொண்டிருந்த பாக்மதி விரைவு வண்டி முதன்மைத் தடத்தை விட்டுக் கிளைத்தடத்தில் புகுந்து, அங்கே நின்றிருந்த சரக்கு வண்டியின்மேல் மோதியது. பெட்டிகள் பல தடம்புரண்டு சாய்ந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்த அவ்வண்டியில் ஓருயிரும் போகவில்லை. இருபது பேரளவில் காயமுற்றனர். பயணிகளை இரவோடு இரவாகச் சென்னைக்குக் கொண்டுவந்து, உணவளித்து, சிறப்பு வண்டியில் ஏற்றி வழியனுப்பினர். மறுநாள் ஏடுகளெல்லாம் உயிர்ச்சேதம் இல்லை என்று எழுதி ஆறுதல் கொண்டன. நாமும் கொண்டோம். ஆனால் சாய்ந்த பெட்டியின் இருளில் தன் குழந்தையைத் தடவித் தேடிய தாய்க்கு, ஊர் சேர்ந்த பிறகு உறக்கம் வந்ததா என்று கேட்பதற்கு இந்த நாட்டில் ஓர் அலுவலரும் நியமிக்கப்பட்டிருக்கவில்லை. அக்கேள்வியே இத்தலையங்கத்தின் பொருள்.

அக்கேள்வி புதிதன்று. நம் திருத்தணிக்குத் தென்கிழக்கே, சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் தடத்தில் மணவூர் நிலையம் இருக்கிறது. அந்நிலையத்தைக் கடக்கும் இருப்புப்பாதையே தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை. இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856 சூலை 1 முதல் அதில் வண்டி ஓடியது. அதற்குப் பத்தாண்டுகள் கழித்து, 1866இல், இலண்டனில் ஜான் எரிக்சன் என்னும் அறுவை மருத்துவர் இருப்புப்பாதை விபத்துகளில் சிக்கியோரைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். எலும்பு முறியாமலும் குருதி சிந்தாமலும் வீடு திரும்பியவர்கள், சில நாள்களுக்குப் பின் உறக்கம் கெட்டு, கை நடுங்கி, கணக்குப் பார்க்கவும் கடிதம் எழுதவும் இயலாதவராகிப் போவதை அவர் கண்டார். முதுகுத் தண்டு குலுங்கியதே காரணம் என்பது அவர் முடிவு. காரணம் தவறு, கண்டது தவறன்று.

புதின ஆசிரியர் சார்லசு டிக்கன்சு அத்தகையவருள் ஒருவர். 1865 சூன் 9 அன்று இங்கிலாந்தின் ஸ்டேபிள்ஹர்ஸ்ட் அருகே அவர் சென்ற வண்டி பாலத்தில் கவிழ்ந்தது. அவர் அமர்ந்திருந்த பெட்டி விழாமல் தொங்கி நின்றது. இறங்கி வந்து, அடிபட்டுக் கிடந்தோர்க்குத் தம் தொப்பியில் நீர் முகந்து கொடுத்தார். உடலில் ஒரு கீறலும் இல்லை. ஆயினும் அதன்பின் வண்டிப் பயணத்தின் நடுவே காரணமின்றித் திகில் வந்து அவரைப் பற்றிக்கொள்ளும். ஐந்தாண்டு கழித்து அதே சூன் 9இல் அவர் இறந்தார்.

அக்காலத்து வழக்குமன்றங்களில் நடந்ததையும் இங்கே சொல்லியாக வேண்டும். எரிக்சனின் நூலைக் காட்டிக் காயமுற்றோர் இழப்பீடு கேட்டனர். இருப்புப்பாதைக் குழுமம் ஒன்றின் மருத்துவரான ஹெர்பர்ட் பேஜ் 1883இல் மறுப்பு நூல் எழுதினார். முதுகுத் தண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, அச்சமே இவ்வளவையும் செய்யும் என்றார் அவர். மருத்துவமாகப் பார்த்தால் எரிக்சனைவிட அவரே உண்மைக்கு அருகில் நின்றார். எனினும் அவ்வுண்மை இழப்பீட்டைக் குறைக்கும் கருவியாயிற்று. அச்சம்தானே, அதற்கு எதற்குப் பணம் என்றாயிற்று. அறிவியல் எவர் கையில் இருக்கிறது என்பதைப் பார்க்காமல் அதை வரவேற்பவர்கள் இவ்வரலாற்றை நினைவிற் கொள்வது நல்லது.

அமெரிக்க உள்நாட்டுப் போரின் படைவீரர்களைப் பார்த்த ஜேக்கப் ட கோஸ்டா 1871இல் வேறு வாசலைத் தட்டினார். அவர் நெஞ்சின்மேல் காது வைத்தார். இதயத்தில் குறையேதும் இல்லாத வீரர்களுக்கு ஏன் அது இப்படிப் படபடக்கிறது என்பது அவர் கேள்வி. நெருக்கீட்டுக்குப் பிந்தைய மனவடு நோய் என்று இன்று சொல்கிறோமே, அதற்கு அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் நோய்ப்பட்டியலில் இடம் கிடைத்தது 1980இல்தான். ட கோஸ்டா கேட்ட படபடப்பு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் காத்துக் கிடந்தது.

இதயம் கடிகாரம் போலச் சீராக அடிப்பதே நலம் என்று பலரும் எண்ணுகிறோம். அது பிழை. நலமான இதயத்தின் துடிப்புகளுக்கு இடையே உள்ள கால அளவு ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கும். மூச்சை உள்ளிழுக்கும்போது துடிப்பு சற்று விரையும், விடும்போது தாழும். பரிவு நரம்புகள் இதயத்தை முடுக்குகின்றன. மூளையடியிலிருந்து கழுத்து வழியே இறங்கும் வேகஸ் நரம்பு கடிவாளமாக இழுத்துப் பிடிக்கிறது. கடிவாளம் நொடிக்கு நொடி இறுகியும் தளர்ந்தும் வேலை செய்வதன் அடையாளமே அந்த மாறுபாடு. 1921இல் ஓட்டோ லூவி இரு தவளை இதயங்களை வைத்து, வேகஸ் நரம்பு ஒரு வேதிப்பொருளைச் சுரந்து துடிப்பைத் தாழ்த்துகிறது என்று காட்டினார். 1936இல் நோபல் பரிசு பெற்றார்.

இதனைக் கண்ணாலேயே காணலாம். மருத்துவமனையில் எடுக்கும் இ.சி.ஜி. தாள் நொடிக்கு 25 மில்லிமீட்டர் வீதம் நகர்கிறது. அத்தாளின் ஒரு சிறு கட்டம் 40 மில்லி நொடி. அமைதியாகப் படுத்திருக்கும் நலமான ஒருவர்க்கு, ஒரு துடிப்பு இடைவெளிக்கும் அடுத்த இடைவெளிக்கும் உள்ள வேறுபாடு சராசரியாக ஏறத்தாழ அந்த ஒரு சிறு கட்டந்தான். ஒரு கூர்முனைக்கும் அடுத்ததற்கும் நடுவே இருபத்து நான்கு கட்டம், பின் இருபத்தைந்து, பின் இருபத்து மூன்று என்று போகும். அஞ்சி ஒடுங்கிய உடலில் அந்த ஒற்றைக் கட்டத்து அசைவும் மறைந்து, கூர்முனைகள் ஒரே அளவில் நெருங்கி நிற்கும். கடிவாளம் கைநழுவிய நிலை அது. மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் என்று நாடி பார்த்த நம் சித்த மருத்துவர்க்குத் துடிப்பின் விரைவு மட்டும் போதுமானதாக இருந்ததில்லை. அதன் நடையையும் கேட்டார்கள். இக்காலக் கருவி அந்நடைக்கு எண் தருகிறது என்பதற்கு மேல் இவ்விரண்டையும் ஒன்றாக்கி மகிழ நாம் முற்படவில்லை.

இனிச் சான்றுக்கு வருவோம். எருசலேமில் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 1998இல் வெளியாயிற்று. விபத்துக்கு உள்ளாகி அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 86 பேரின் துடிப்பைக் குறித்துவைத்து, நான்கு மாதம் அவர்களைப் பின்தொடர்ந்தனர். பின்னாளில் மனவடு நோய்க்கு ஆட்பட்டோர்க்கு வந்த அன்றைய துடிப்பு நிமிடத்துக்குச் சராசரி 95, ஆட்படாதோர்க்கு 83. ஒரு வாரம் கழித்தும் சிறு வேறுபாடு இருந்தது. ஒரு மாதத்தில் அது மறைந்துபோயிற்று. இந்தக் கடைசிச் செய்தியை நம் மருத்துவத்துறை ஊன்றிப் படிக்க வேண்டும் என்பது நம் வேண்டுகோள். அறிகுறிகள் ஒரு மாதம் நீடித்த பிறகே இந்நோய்க்குப் பெயர் சூட்டலாம் என்பது நோய்ப்பட்டியலின் விதி. பெயர் சூட்டும் நாள் வரும்போது உடல் தந்த முன்னறிவிப்பு அடங்கிவிடுகிறது.

துடிப்பின் விரைவைக் காட்டிலும் அதன் மாறுபாடு நுட்பமான அளவை. போருக்குப் புறப்படும் முன்பே இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்கக் கடற்படைத் தரைவீரர்களுக்கு அதனை அளந்து, திரும்பிய பிறகு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. வேகஸின் பிடி முன்னரே தளர்ந்திருந்தவர்களிடையே நோய் சற்று மிகுதியாகக் காணப்பட்டது. சற்று என்ற சொல்லை அறிந்தே எழுதுகிறோம். தொடர்பு உண்டு, வலுவானதன்று.

அடிபட்டு வந்தவரிடம் இதை அளப்பதில் மேலும் பல சிக்கல்கள் உள்ளன. குருதி இழந்தவர்க்குத் துடிப்பு விரையும். அது அச்சத்தால் ஆனதன்று. வலி, காய்ச்சல், சாராயம், நீரிழிவு, முதுமை, இரத்த அழுத்த மாத்திரை ஒவ்வொன்றும் மாறுபாட்டைத் தன் பக்கம் இழுக்கும். ஐரோப்பிய, வட அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் 1996இல் வகுத்த நெறிப்படி குறுகிய பதிவுக்கு ஐந்து நிமிடம் வேண்டும். நம் அவசரப் பிரிவில் எடுப்பதோ பத்து நொடித் தாள். எனவே கைக்கடிகாரக் கருவி காட்டும் எண்ணைப் பார்த்து, எனக்கு மனநோய் வருமா என்று எவரும் நடுங்க வேண்டா. குழுவின் சராசரி ஒரு தனிமனிதனின் தலையெழுத்து ஆகாது. இவ்வெண்ணை வைத்து இவர்க்கு நோய் வரும், இவர்க்கு வராது என்று தீர்ப்பளிக்கும் நாள் இன்னும் வரவில்லை.

பின் அதனால் என்ன பயன் என்பீர்கள். ஒருவரைத் தவறாமல் விசாரிக்க வேண்டும் என்று நினைவூட்டுவதற்கு அது போதும். விசாரிப்பால் என்ன விளையும் என்பதற்கும் எருசலேமே விடை தந்தது. அவசரப் பிரிவிலிருந்து வீடு சென்றவர்களைத் தொலைபேசியில் அழைத்து, துன்புறுவோரைக் கண்டறிந்து பேச்சுவழிச் சிகிச்சைக்கு வரச்செய்தனர். 2012இல் முடிவு வெளியாயிற்று. ஐந்தாம் மாதத்தில், சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரிடமே நோய் எஞ்சியிருந்தது. காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களிலோ பாதிக்கும் மேல். அவ்வாய்வில் மாத்திரை, வெற்று மாத்திரையை வெல்லவில்லை. காத்திருந்தவர்களுக்கும் பின்னர் அதே சிகிச்சை தரப்பட்டபோது அவர்களும் தேறினர். ஆகவே காலம் கடந்துவிட்டது என்று எவரையும் கைவிடுவதற்கில்லை. ஆனால் இடைப்பட்ட மாதங்களில் வேலையும் இல்லறமும் என்னவாயின என்பதை எந்தப் பட்டியலும் சொல்லாது.

நம் ஊர்ப்புறத்தில் இந்நோயை அறியாதவர் இல்லை. பயந்த கோளாறு என்பார்கள். திருநீறு போடுவார்கள், தண்ணீர் மந்திரித்துக் குடிக்கச் செய்வார்கள், தர்காவில் கயிறு கட்டிக்கொள்வார்கள். அச்சம் தெய்வம், கொடுவிலங்கு, கள்வர், அரசன் என்னும் நான்கிலிருந்து பிறக்கும் என்று மெய்ப்பாட்டியலில் வகுத்தார் தொல்காப்பியர். நெடுஞ்சாலையை அவர் கண்டதில்லை. திருத்தணி மலைக்கோயிலில் கந்தசஷ்டியின்போது சூரசம்மாரம் நடத்துவதில்லை, புட்பாஞ்சலியே நடக்கும். சூரனோடு பொருத சினம் தணிய முருகன் வந்தமர்ந்த மலை இது என்பது தலபுராணம். போர் முடிந்த பின்னும் போர் உடலில் நிற்கும், அது தணிய இடமும் காலமும் வேண்டும் என்று இவ்வட்டாரத்து மக்கள் தங்கள் தெய்வத்தின் பேரால் அறிந்தே இருக்கிறார்கள். திருநீறு போடுவதை நாம் எள்ளி நகையாட மாட்டோம். அங்கேனும் ஒருவர் அடிபட்டவனை உட்காரவைத்து, என்ன செய்கிறது என்று கேட்கிறார். அரசு மருத்துவமனை கேட்காததை அவர் கேட்கிறார் என்பதே நமக்கு உறுத்தல்.

அரசைக் குறைகூறுவது மட்டும் நம் நோக்கமன்று. 2022இல் இந்தியாவில் நடந்த 4,61,312 சாலை விபத்துகளில் 64,105 தமிழ்நாட்டில் நடந்தவை. மாநிலங்களுள் முதலிடம் நமக்கு. அந்த வெட்கக்கேட்டின் நடுவே ஒரு நற்செயலும் உண்டு. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், விபத்தில் சிக்கியவர் எந்த மாநிலத்தவராயினும், காப்பீட்டு அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. எல்லையோரமான நம் பகுதிக்கு இதன் அருமை நன்கு தெரியும். நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் வருகிறவர் திருத்தணிச் சாலையில் அடிபட்டால், ஆதார் முகவரி ஆந்திரத்தில் இருக்கிறதே என்று எவரும் கதவடைக்க முடியாது. நாடெங்கும் பின்பற்றத்தக்க முறை என்று தயங்காமல் சொல்வோம்.

நாற்பத்தொன்பதாம் மணி நேரத்தில் என்ன நடக்கிறது? தையல் போட்ட இடத்தைப் பார்க்க ஒரு தேதி, எலும்புப் பிரிவுக்கு ஒரு தேதி, மாத்திரைச் சீட்டு. அவ்வளவே. ஆஸ்திரேலியாவில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட விபத்துக் காயத்தினர் ஆயிரம் பேரை ஓராண்டு தொடர்ந்து பார்த்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 31 பேர்க்கு ஏதேனும் ஓர் உளநோய் இருந்தது. 22 பேர்க்கு அது வாழ்வில் முன் எப்போதும் இல்லாதது. அங்கும் மனவடு நோய் பல நோய்களுள் ஒன்றே. மனச்சோர்வும் பதற்றமும் அதனோடு வரிசை கட்டி நின்றன. தலையில் இலேசாக அடிபட்டவர் கூடுதல் இடரில் இருந்தார்.

அப்படி வீடு சென்றவர் எப்படி வாழ்கிறார்? திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலைக்கு இருசக்கர வண்டியில் போய்வந்த இளைஞன், பின்னால் டிப்பர் லாரியின் ஒலிப்பான் கேட்டால் வண்டியை மண்தரையில் இறக்கி நிறுத்திவிடுகிறான். விழுந்த வளைவைத் தவிர்க்கச் சுற்றுவழியில் போகிறான், வேலைக்குப் பிந்துகிறான், பிறகு போவதையே நிறுத்துகிறான். இரவு உறங்குவதற்கென்று டாஸ்மாக் கடைக்குப் போகிறான். முன்பு இப்படிக் கோபப்பட மாட்டாரே என்று மனைவி தன் தாயிடம் சொல்லி அழுகிறாள். கால் எலும்பு கூடிவிட்டதாகப் படம் காட்டுகிறது. சோம்பேறியாகிவிட்டான் என்று ஊர் சொல்கிறது. நூறு வீடுகளில் தேடினால் இவனைக் காண்பது அரிதன்று.

இவனிடம் செல்ல அரசிடம் ஆள் இல்லையா? உண்டு. 2021 ஆகஸ்டு 5 அன்று கிருட்டினகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் ஊழியர் இரத்த அழுத்த மாத்திரையோடு வீடு வீடாகச் செல்கிறார். இயன்முறை மருத்துவரும் வீடு தேடி வருகிறார். முறிந்த காலை மடக்கி நீட்டப் பயிற்றும் அதே அமர்வில், உறக்கம் எப்படி, அந்த இடத்தைக் கடக்க முடிகிறதா, அந்த ஒலி மீண்டும் மீண்டும் கேட்கிறதா என்று கேட்க இரண்டு நிமிடம் போதும். ஆம் என்றால் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் இருக்கிறார். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் என்னும் தேசியத் தொலைபேசிச் சேவையின் 14416 எண்ணில் தமிழிலும் பேசலாம், தெலுங்கிலும் பேசலாம். நம் எல்லைப் பகுதிக்கு இவ்விரு மொழி வசதி சிறு பேறன்று. திருவள்ளூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இயங்குகிறது. கையில் இருப்பவற்றை ஒரே கயிற்றில் முடிய ஓர் ஆணைதான் இல்லை.

நாம் கேட்பது இது. விபத்துக்காக அனுமதிக்கப்பட்ட ஒவ்வொருவரின் முதல் நாள் துடிப்பும், வாய்ப்புள்ள மருத்துவமனைகளில் ஐந்து நிமிட மாறுபாட்டுப் பதிவும், விடுவிப்புச் சீட்டில் இடம்பெற வேண்டும். குருதியிழப்பு சரிசெய்யப்பட்ட பின்னும் துடிப்பு தணியாதவரை முதல் வாரத்திலேயே அழைத்துப் பேச வேண்டும். ஏனையோரை முதல் மாதத்துக்குள். எண் நன்றாயிருக்கிறது என்பதற்காக எவரையும் விட்டுவிடலாகாது. அழைக்கிறவர் அடிபட்ட மறுநாளே எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள் என்று வற்புறுத்தவும் கூடாது. ஒரே அமர்வில் நிகழ்ச்சியைத் திரும்பச் சொல்லவைக்கும் முறை பயன் தரவில்லை, சிலர்க்குத் தீங்கே செய்தது என்பது ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தோர் கண்ட முடிவு. தூங்கட்டும் என்று மயக்க மாத்திரை எழுதுவதையும், முதல் மாதத்தில் வேண்டா என்று உலக நலவாழ்வு அமைப்பு 2013இல் தடுத்திருக்கிறது.

ஒரு காப்பும் உடன் வேண்டும். இப்பதிவு மருத்துவரையும் நோயாளியையும் தவிர எவர்க்கும் போகக் கூடாது. துடிப்பு மாறுபாடு குறைந்தவர் என்று ஓட்டுநர் வேலைக்கு மறுப்பதும், முன்பே நரம்புத் தளர்ச்சி உள்ளவர் என்று காப்பீட்டு நிறுவனம் வாதிடுவதும் நாளையே நடக்கக்கூடியவை. ஹெர்பர்ட் பேஜின் வாதத்தைக் கருவியின் துணையோடு மீண்டும் கேட்க நேரும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் செய்தி மறைவாகக் காக்கப்படும் உரிமையைத் தந்திருக்கிறது. அவ்வுரிமை விபத்துப் பிரிவின் தாளுக்கும் பொருந்தும் என்று விதியிலேயே எழுதப்பட வேண்டும்.

மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களுக்கும் இதிற் பங்குண்டு. உறுப்புக் குறையின் விழுக்காட்டை மட்டும் பார்த்து வருவாய் இழப்பைக் கணிக்கக் கூடாது, அவர் செய்துவந்த தொழில் என்னவாயிற்று என்று பார்க்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010இலேயே வழிகாட்டியது. உளநோயை ஊனங்களுள் ஒன்றாக 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் ஏற்கிறது. கைகால் நலமாயிருந்தும் திரும்ப ஓட்டுநர் இருக்கையில் ஏற இயலாத ஒருவர், இவ்விரண்டின் துணையோடு தீர்ப்பாயத்தின் முன் நிற்கலாம். நிற்பதற்கு அவர் கையில் ஒரு தாள் வேண்டும்: விபத்துக்குப் பிந்தைய முதல் மாதத்தில், உறக்கமின்மையையும் அச்சத்தையும் ஒரு மருத்துவர் கேட்டு, நாளிட்டு, எழுதிக் கையொப்பமிட்ட தாள். அத்தாளை எழுதும் பொறுப்பு எவருடையது என்பதைச் சுகாதாரத்துறை வரும் ஆண்டுக் கொள்கை விளக்கக் குறிப்பில் பெயரிட்டுச் சொல்லட்டும்.